‘நம்பாதே’ என்று எழுதலாமா?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வேலையில் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் ஆபீஸிலும் அதே பெயரை வாங்கிவிட்டேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். பெங்களூரில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி மட்டும் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டு மாடியில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் கம்பெனியாக இருந்தது. கீழே வீட்டுக்காரம்மா கேக் சுடுகிற நாளில் மாடியில் ஒருவருக்கும் வேலை ஓடாது.

எங்கள் எம்.டி. நல்ல மனிதர். அவர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நன்றாகப் படித்த எஞ்சினியர்தான். ஆனால் நல்ல வார்த்தை, நல்ல நேரம் இரண்டிலும் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு. ‘இல்லை’, ‘தீர்ந்துபோச்சு’ என்ற சொற்கள் அவர் வாயில் வராது. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால்கூட, வீட்டில் அரிசி தீர்ந்தால் சொல்கிற மாதிரி, “பேப்பர் நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வாங்க” என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் பேப்பர் ட்ரேயைத் திறந்து பார்த்துவிட்டு முழிப்பார்கள்.

எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு. ஊருக்கு வெளியே, ஒசூர் ரோட்டில் இருக்கும் அத்திபெலேயில் ஒரு டாக்டரம்மா ஆரம்பித்தது. நகரத்துக்குள்ளேயும் அவருக்கு நிறைய கிளைகள் இருந்தன. பரிசோதனை முடிவுகளை இன்டர்நெட் வழியாகக் கிளைகளுக்கு அனுப்பவேண்டும். ஒருவருடைய சர்க்கரை அளவு ஊரார் கண்ணில் படக்கூடாது அல்லவா? அதனால் சர்வருக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும்.

இந்த சர்டிபிகேட் என்பது ஒரு வெப்சைட்டின் அடையாள அட்டை. ‘நான்தான் அந்த லேபின் சர்வர், வேறு யாரோ இல்லை’ என்று அது சொல்லும். பெயர் பெற்ற சில கம்பெனிகள் நம்மைப் பற்றி விசாரித்துவிட்டு அதற்கு முத்திரை குத்தித் தரும். பிரவுசருக்குத் தெரிந்தது அவர்களுடைய முத்திரை மட்டும்தான். தெரியாத முத்திரையைப் பார்த்தால், மஞ்சள் முக்கோணம் போட்ட ஒரு பெட்டியைத் திறந்து, ‘இதைக் கொடுத்தவரை எனக்குத் தெரியாது, உள்ளே போகலாமா?’ என்று கேட்கும். அடியில் யெஸ், நோ என்று பட்டன்கள் இருக்கும். சர்டிபிகேட்டைத் திறந்து பார்க்க இன்னொன்று இருக்கும்.

ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் அசல் முத்திரைக்கெல்லாம் அலைய முடியாது. நாமே ஒரு முத்திரை செய்து, நாமே குத்திக்கொள்வோம். அதுதான் டெஸ்ட் சர்டிபிகேட். நம்முடைய கம்ப்யூட்டர்களில் மட்டும், ‘இந்த முத்திரையை நம்பு’ என்று பிரவுசரிடம் சொல்லிவைத்தால் மஞ்சள் பெட்டி வராது. இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் முத்திரை குத்துவதற்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. அது யார் கையில் கிடைக்கிறதோ, அவர் பேங்கின் பெயரில்கூட ஒரு போலி அட்டை அடிக்கலாம். நம் முத்திரையை நம்பும் கம்ப்யூட்டர் அதையும் வாயை மூடிக்கொண்டு நம்பிவிடும். அதனால் சாவி ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கவேண்டும், முத்திரை ஆபீஸைத் தாண்டக்கூடாது, ஆயுள் குறைவாக இருக்கவேண்டும், பெயரைப் பார்த்ததுமே இது டெஸ்ட் என்று தெரியவேண்டும். இதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

அப்படியே செய்தேன். கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் கம்பெனி பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘டெஸ்ட் மட்டும், நம்பாதே’ என்று இங்கிலீஷில் அடித்தேன். அந்த நேரம் பார்த்து எம்.டி. என் பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா இது, நம்ம கம்பெனி பேருக்குப் பக்கத்துல நம்பாதேன்னு போட்டிருக்கே?”

“சார், இது டெஸ்ட் சர்டிபிகேட். யாரும் தெரியாம நம்பிடக் கூடாது.”

“மொதல் வேலைம்மா. அபசகுனமா எழுதலாமா? லட்சணமா கம்பெனி பேரை மட்டும் போடு. ஆயுசு எவ்வளவு குடுத்திருக்கே?”

“ஒரு மாசம் சார்.”

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பச்சைக் குழந்தையை நான் ஏதோ சொல்லிவிட்ட மாதிரி பதறிப்போனார். “ஒரு மாசமா? சேச்சே, பத்து வருஷம் போடு. தீர்க்காயுசா இருக்கட்டும். ராகு காலம் முடிஞ்சப்புறம் பண்ணு, அவசரமில்லை.”

சாவியை எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பொது ஃபோல்டரில் வைக்கச் சொன்னதும் அவர்தான். நான் கத்திப் பார்த்தேன். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னபடியே மாற்றிவைத்தேன், ஆனால் அன்று முழுக்கக் கோபம் அடங்கவில்லை. கீழேயிருந்து கேக் வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸில் ஜோகுபாளையத்திலிருந்து வரும் ஒருவன் இருந்தான். கஸ்டமர்களின் பக்கத்தில் உட்கார்ந்து எதை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுப்பது அவன் வேலை. என்னைவிடக் கொஞ்சம் சின்னவன். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பான், காரியம் ஆகவேண்டுமானால் அக்கா என்பான். யார் எது கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. லேபுக்குப் போனால் கம்ப்யூட்டரைச் சரிபண்ணிவிட்டு, அங்கே ஓடாத ஃபேனையும் ஓடவைத்துவிட்டுத்தான் வருவான். போகிற இடமெல்லாம் அவனுக்கு டிஃபன் எடுத்துவைப்பார்கள்.

அவன் அப்போது டெம்பரரி. இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்ணை விரும்பினான், அவளும் அவனை விரும்பினாள். பெண்ணின் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “வேலை பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் வீட்டுக்கு வாங்க.” எம்.டி.யோ, லேப் வேலை நல்லபடியாகத் தொடங்கியதும் பர்மனென்ட் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, லேபின் சாஃப்ட்வேர் எப்போது தயாராகும் என்பதும் இவன் கல்யாணம் எப்போது என்பதும் ஆபீஸில் ஒரே கேள்வியாகிவிட்டது. ப்ரோக்ராமில் ஒரு தப்பு கண்டுபிடித்தால்கூட, “ஐயோ, முகூர்த்தம் தள்ளிப்போச்சே” என்று அவனைக் கலாட்டா செய்வார்கள்.

வெள்ளோட்டம் ஆரம்பமானது. கிளைகளில் இருந்தவர்கள் எங்கள் டெஸ்ட் சர்வரில் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவனோடு நானும் பஸ் ஏறி அத்திபெலே லேபுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் எங்கள் பக்கத்தைத் திறந்தேன். நியாயமாக மஞ்சள் பெட்டி வந்திருக்கவேண்டும், வரவில்லை. பக்கம் பளிச்சென்று திறந்துகொண்டது.

“இங்க ஏன் கேக்கலை?” என்றேன்.

அவன் முகமெல்லாம் பல். “அதுவாக்கா? அந்த மஞ்ச முக்கோணத்தைப் பார்த்து எல்லாரும் பயந்துபோறாங்க. ஒரு சென்டர்ல வைரஸ்னு நெனச்சு மெயின் சுவிட்சையே ஆஃப் பண்ணிட்டாங்க. பாவமா இருந்துச்சு. அதான் நம்ம முத்திரைய எல்லா கம்ப்யூட்டர்லயும் ஏத்தி, நம்புன்னு சொல்லி வெச்சுட்டேன். இப்ப எல்லாரும் எவ்ளோ குஷியா இருக்காங்க தெரியுமா?”

“எல்லா கம்ப்யூட்டர்லயுமா?”

“எல்லாத்துலயும்க்கா. டாக்டரம்மாவோட சொந்த லேப்டாப்ல கூட.”

டாக்டரம்மா தன் பேங்க் கணக்கைப் பார்ப்பதும் அதே லேப்டாப்பில்தான். சாவியோ பொது ஃபோல்டரில் கிடக்கிறது. வேலையை விட்டுப் போனவர்கள்கூட ஆளுக்கு ஒரு காப்பி வைத்திருக்கலாம். அவனை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் தங்கள் பசியை மறந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. நான் மூச்சு வாங்கியபோது மெதுவாகச் சொன்னான்: “ஏத்தறதுக்கு முன்னாடி தெறந்து பார்த்தேன்க்கா. நம்ம கம்பெனி பேரு இருந்துச்சு. பத்து வருஷம் வேலிடிட்டி போட்டிருந்துச்சு. டெஸ்ட்டுன்னு எங்கயும் போடலியே. இதான் அசல்னு நெனச்சுட்டேன்.”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என் கோபம் அப்படியே காக்ஸ் டவுன் பக்கம் திரும்பியது.

“பர்மனென்ட் போச்சாக்கா?” என்றான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஆபீஸுக்குத் திரும்பியதும் அவனையும் கூட்டிக்கொண்டு நேரே எம்.டி. அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு விஷயம் புரியாமல் இல்லை, எஞ்சினியர் ஆயிற்றே. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “காதும் காதும் வெச்ச மாதிரி எல்லா எடத்துலயும் எடுத்துடுங்க. டாக்டருக்குத் தெரிய வேண்டாம்” என்றார். பிறகு அவனைப் பார்த்து, “இப்படிக் கேக்காம கொள்ளாம பண்ணினா உன்னை எப்படிப்பா பர்மனென்ட் பண்றது?” என்றார்.

“சார், ‘நம்பாதே’ன்னு நான் எழுதினதை எடுக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லாத் தலைகளும் திரும்பியிருந்தன.

எம்.டி.யும் ஒரு முறை வெளியே பார்த்துக்கொண்டார். “சரி. மொதல்ல லேப் ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு இன்னும் பிடித்திருக்காது.

அன்றே வேறொரு டெஸ்ட் முத்திரை செய்தேன். பெயரிலேயே ‘நம்பாதே’, ஒரு மாத ஆயுள், சாவி என் கம்ப்யூட்டரில் மட்டும். இந்த முறை எம்.டி. பக்கத்தில் வரவில்லை. பழையதைப் பொது ஃபோல்டரிலிருந்து நீக்கினேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் அவன் ஸ்கூட்டரில் கிளை கிளையாகச் சுற்றினோம். வெய்யிலில் அலைச்சல்தான், ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, மஜாவாக இருந்தது. ஒரு கிளையில் அவனுக்கு இட்லி, இன்னொன்றில் பிஸிபேளேபாத். கூடப் போன பாவத்துக்கு எனக்கும் ஒரு தட்டு. நான் சத்தமில்லாமல் முத்திரையை நீக்குவேன். ஆனால் அவனால் சத்தமில்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு இடத்திலும், “மஞ்சப் பொட்டி மறுபடி வரும். இப்ப பழகற வரைக்கும் நான் பக்கத்துல இருந்து சொல்றேன். லேப் ஆரம்பிச்சப்புறம் வந்துச்சுன்னா மட்டும் யெஸ் அமுக்கிடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

டாக்டரம்மாவின் அறையில் அவன் காலை நான் மிதித்தே பார்த்தேன். பிரயோஜனமில்லை.

“டாக்டர், நான் ஒண்ணு தப்பாப் பண்ணிட்டேன். ஒங்க லேப்டாப்ல எங்க டெஸ்ட் முத்திரைய ஏத்திட்டேன். இப்ப எடுத்துட்டோம். இனிமே அந்தப் பொட்டி வந்தா யெஸ் அமுக்காதீங்க” என்றான்.

அந்த அம்மா அதட்டலான பேர்வழி. நோயாளியிடம் கேட்கிற மாதிரியே அவனிடம் கேட்டார். எப்போதிலிருந்து? எத்தனை கம்ப்யூட்டர்? வேறு என்ன தொந்தரவு வரும்? அவன் எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னான். கடைசியில், “சரிப்பா, அசல் எது, டெஸ்ட் எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்றார்.

அவன் சர்டிபிகேட்டைத் திறந்து காட்டினான். “இது யாருக்குக் குடுத்ததுன்னு மேல இருக்கும். யாரு குடுத்தாங்கன்னு கீழ இருக்கும். சாஃப்ட்வேர் பண்ணதும் நாங்க, முத்திரை குத்துனதும் நாங்கன்னு இருந்துச்சுன்னா நம்பாதீங்க. வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுக் குடுத்திருக்கணும்.”

“ஓஹோ, தன்னைத்தானே நல்லவன்னு சொல்லிக்கறது!” என்று டாக்டரம்மா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

எம்.டி. பஞ்சாங்கம் பார்த்துத் தொடக்க விழாவுக்கு நாள் குறித்தார். அசல் சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தோம். விழா நாளும் வந்தது. மாலை, தேங்காய், மல்லிகைப்பூ, லட்டு டப்பாக்கள் சகிதம் மொத்த ஆபீஸும் வேன் பிடித்து அத்திபெலேக்குக் கிளம்பியது. கீழ் வீட்டுக்காரம்மா கையசைத்து வழியனுப்பினார். “சர்டிபிகேட் வந்துச்சா சார்?” என்று நான் கேட்டதற்கு எம்.டி., “எல்லாம் ஆயித்து” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறிக்கொண்டார்.

லேபில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தேங்காய் ஒரே அடியில் இரண்டாக உடைந்தது. எம்.டி.க்கு அதில் ரொம்பத் திருப்தி. டாக்டரம்மா பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்து, எல்லாரும் சுற்றி நிற்க, பக்கத்தைத் திறந்தார்.

மஞ்சள் பெட்டி வந்தது.

“ஒண்ணுமில்லை டாக்டர், யெஸ் அமுக்குங்க. நல்ல நேரம் போயிண்டிருக்கு” என்றார் எம்.டி.

டாக்டரம்மா யெஸ்ஸை அமுக்கவில்லை. சர்டிபிகேட்டைப் பார்க்கும் பட்டனைத் தட்டினார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கொடுத்தவர் என்ற இடத்தில் எங்கள் கம்பெனியின் பெயர் லட்சணமாக இருந்தது. ஆயுள் பத்து வருடம். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அசல் வந்துசேரவில்லை. நல்ல நேரம் தப்பிப்போகக் கூடாதே என்று, தன் கம்ப்யூட்டரில் ஆசையாக வைத்திருந்த பழைய டெஸ்ட் சர்டிபிகேட்டை எம்.டி.யே காலையில் சர்வரில் போட்டிருக்கிறார்.

டாக்டரம்மா திரும்பி, கூட்டத்தின் கடைசியில் லட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவனைக் கூப்பிட்டார். “நீ சொல்லுப்பா. அமுக்கட்டுமா?”

எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் எம்.டி.யைப் பார்த்தான். பாவம், காது மடல் வரை சிவந்துவிட்டது. அவன் பர்மனென்ட் ஆவது எம்.டி. கையில் இருந்தது, எம்.டி. சொன்னது யெஸ். யார் சொன்னதையும் மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கமும் கிடையாது. ‘சரி டாக்டர், அமுக்குங்க’ என்று சொல்லிவிடுவான் என்றே நான் நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

“வேணாம் டாக்டர்” என்றான்.

டாக்டரம்மா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். “அசல் வந்தப்புறம் ஆரம்பிக்கலாம். நாளைக்கும் நல்ல நேரம் இருக்கும். லட்டை எடுங்க” என்றார்.

எம்.டி. முகம் சுண்டிப்போனது. ஏதாவது செய்யவேண்டுமே என்று நான் அங்கேயே ஆபீஸ் மெயிலைத் திறந்து பார்த்தேன். முத்திரை தரும் கம்பெனியிடமிருந்து அன்று காலைதான் ஒரு மெயில் வந்திருந்தது. நாங்கள் நிஜமான கம்பெனிதானா என்று விசாரிக்க எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தார்களாம், மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லையாம். நாளைக் காலை மறுபடி கூப்பிடுகிறார்களாம். எடுப்பதற்கு யார் இருந்தார்கள்? ஆபீஸைப் பூட்டிக்கொண்டு அத்தனை பேரும் தேங்காய் உடைக்க வந்துவிட்டோம். நான் அதை வாசித்ததும் முதலில் சிரித்தது டாக்டரம்மா. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. எம்.டி. மட்டும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது, “நீங்க ரெண்டு பேரும் என் வண்டியில ஏறுங்க” என்றார். மற்றவர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்கள். ஒசூர் ரோடு முழுக்க லாரி. அவன் பின்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவனை வேலையைவிட்டு அனுப்பினால் நானும் போய்விடுவேன் என்று மனசுக்குள் ராஜினாமாக் கடிதம்கூட எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பொம்மனஹள்ளி தாண்டி வண்டிகள் நின்றுவிட்டன. எம்.டி. திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“நாளைக்குக் காலையில அந்தக் கம்பெனிக்காரன் போன் பண்ணுவான். நீயே எடு.”

“சரி சார்” என்றான் அவன்.

“இது நிஜமான கம்பெனியான்னு கேப்பான். ஆமான்னு சொல்லு. பேசறது யாருன்னு கேப்பான்.”

“என்ன சார் சொல்லணும்?”

எம்.டி. கியரை மாற்றினார். வண்டி கொஞ்சம் நகர்ந்தது.

“இங்க பர்மனென்ட் ஸ்டாஃப்னு சொல்லு.”

அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கடைசியில் தயங்கித் தயங்கி, “சார், விசாரிச்சு எழுதிக்கறவங்க கிட்ட அப்படிச் சொல்லலாமா?” என்று கேட்டான்.

“தாராளமாச் சொல்லு” என்றார் எம்.டி. “அதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”